சூடு வெளியே போக ஒரு வழி

காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் மாமனார் வீடு கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன்புவரை அந்த வீட்டில் ஏசி கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை. சித்திரை வெயிலில் காரைக்குடி போய்விட்டு வந்து, முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் கால் வைத்தால் போதும், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்தியில் (முற்றத்து ஓரத் தாழ்வாரம்) ஒரு தலையணையைப் போட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்போம். கல்யாணமாகி வந்த புதிதில், வெளியே அப்படி ஒரு வெயில், உள்ளே எப்படி இப்படி என்று நான் வியந்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

அயித்தை, அதாவது என் மாமியார், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வருடம்தான் எல்லாம் மாறியது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பங்குனி. இனி தரையில் படுக்கக் கூடாது, கட்டில் வேண்டும், பக்கத்திலேயே பாத்ரூம் வேண்டும். அதனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் கடைசி அறையை அயித்தைக்கு ஒழித்துக் கொடுத்தோம். அந்தக் காலத்தில் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று விட்ட அறைகள் அவை. கனமான சுவர், சின்னக் கதவு, மேலே ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு வியர்வை தங்கினால் முதுகில் புண் வந்துவிடும், அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, ஏசி போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டிருந்தோம். மழை பெய்தால் பத்தி முழுக்கச் சாரல் அடித்துத் தரை வழுக்கும், புறா எச்சம் வேறு. வயதானவர்கள் நடமாடுகிற வீடு, அதனால் போட்டோம். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அதற்கப்புறம் வந்த கோடையில் வீடு முன்னைப் போல் இல்லை. மத்தியானம் பத்தியில் படுக்க முடியவில்லை. "இந்த வருசம் வெயில் சாஸ்தி" என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஷீட்டை யாரும் நினைக்கவில்லை.

ஏசி வந்தது. ஒன்றரை டன். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்பதில் சிக்கல். எங்கள் வீட்டுக்கு நான்கு பங்கு. வெளிச்சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால் பங்காளிகள் எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் மலேசியாவில். அதற்கெல்லாம் நேரமில்லை என்று, முற்றத்தின் ஓரத்திலேயே ஒரு இரும்பு ஸ்டாண்டு அடித்து யூனிட்டை வைத்துவிட்டுப் போனார்கள். உள் யூனிட்டைச் சுவரில் பதினோரு அடி உயரத்தில் மாட்டினார்கள், உயரமான கூரைக்கு அதுதான் சரி என்று.

முதல் பத்து நாள் நன்றாக ஓடியது. சித்திரை பிறந்ததும் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குளிர்ச்சி நின்றுபோகும். வெறும் காற்று வரும். நாலரை, ஐந்துக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். போன் செய்தால் ஒருவர் வந்தார். கேஸ் கம்மி என்றார், ஏற்றினார். மறுவாரம் அதே கதை, மறுபடி கேஸ். இரண்டு தடவைக்கும் சேர்த்து 5,000 ரூபாய்க்கு மேல் ஆனது. மூன்றாம் வாரம் பார்த்தால் முன்னைவிட மோசம்.

அப்போதுதான் காரைக்குடியிலிருந்து வேறொரு மெக்கானிக் தம்பி வந்தது. வந்ததும் பையைத் திறக்கவில்லை. முற்றத்தில் யூனிட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அண்ணாந்து ஷீட்டைப் பார்த்தது. யூனிட் பின்பக்கம் காற்று உள்ளே இழுக்கிற இடத்தில் ஒரு சின்ன டெம்பரேச்சர் மீட்டரைத் தொங்கவிட்டது. 51 டிகிரி காட்டியது. அப்புறம் என்னைப் பார்த்து, "ஆச்சி, இந்தச் சூடு எந்த வழியா வெளிய போகுது?" என்று கேட்டது.

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை முழுக்கவே அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நான் தெரிந்துகொண்ட பதில்தான்.

ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள் யூனிட்டில் இருக்கிற காயில் என்கிற சுருள் குழாய்க்குள் கேஸ் திரவமாக வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது அறைக்காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத்துணியைப் போர்த்தினால் மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே சங்கதி. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தினால் அது வெளிக்காற்றைவிடச் சூடாகும். அந்தச் சூட்டை அவுட்டோர் ஃபேன் வெளியே ஊதித் தள்ளும். சூடு இறங்கிய கேஸ் மறுபடி திரவமாகி உள்ளே வரும். இப்படியே சுற்று.

வெளிக்காற்றே 51 டிகிரி என்றால் சூட்டை எங்கே இறக்கும்? அறையில் எடுத்த சூட்டை முற்றத்தில் கொட்டுகிறது, மேலே ஷீட், போக வழியில்லை, தான் கொட்டிய சூட்டையே மறுபடி இழுக்கிறது. உள்ளே பிரஷர் ஏறி ஏறி, கடைசியில் கம்ப்ரசர் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஏசியை ஒன்றரை டன் என்று சொல்வது வெளியே 35 டிகிரி இருக்கும்போது கிடைக்கிற கணக்கு. வெளிச்சூடு ஏற ஏற அது குறையும். (டன் என்பது எடை இல்லை. 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த வேகத்தில் சூட்டை எடுப்பது ஒரு டன். ஐஸ் கட்டி வைத்துக் குளிர வைத்த காலத்துக் கணக்கு.)

அதோடு, இரண்டு தடவை எடை பார்க்காமல் ஏற்றியதில் கேஸ் அளவுக்கு மேல் போயிருந்தது. அதுவும் பிரஷரைக் கூட்டியிருக்கிறது. கம்மி என்று சொல்லிச் சொல்லி ஏற்றியதுதான் நோயாகவே ஆகியிருந்தது.

அன்று ராத்திரி நான் வெகுநேரம் பத்தியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு ஏசி தெரியாது, ஆனால் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்பதை முதலில் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். முற்றம் திறந்திருப்பதே அதற்குத்தான். பகலில் உள்ளே சேர்கிற சூடான காற்று லேசாகி முற்றம் வழியாக மேலே போய்விடும். அந்த இடத்துக்கு நிழலான பக்கங்களிலிருந்து காற்று வரும். தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி ஒரே நேர்கோட்டில் கதவுகள் இருப்பதும் அதற்கு உதவி. ராத்திரி குளிர்ந்த காற்று கனத்து முற்றத்தில் இறங்கித் தரையிலும் சுவரிலும் தங்கும். அந்தக் குளிர்ச்சியைத் தடித்த சுவர் மறுநாள் மத்தியானம்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். நாட்டு ஓட்டை ஒரு வரிசையோடு விடாமல் வரிசைமேல் வரிசையாக அடுக்கியிருப்பதால் வெயில் சட்டென்று கீழே இறங்காது. சுண்ணாம்புப் பூச்சு வெள்ளையாக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இத்தனையும் ஒன்றோடொன்று கோத்த ஏற்பாடு. நடுவில் இருந்த ஒரு வாயை நாங்கள் மூடிவிட்டோம். வீட்டின் மூக்கை அடைத்துவிட்டு, மூச்சு முட்டுகிறதே என்று வெயிலைத் திட்டியிருக்கிறோம். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மறுநாளே பங்காளிகளுக்குப் போன் போட்டேன். "சுவரில் ஓட்டை போடாம செய்ய முடிஞ்சா செஞ்சுக்கோங்க" என்றார் மூத்தவர். அந்தத் தம்பியே வழி சொன்னது. அறையின் பின்சுவரில் இருந்த வென்டிலேட்டரின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஒரு தேக்குப் பலகை செய்து, அதில் துளை போட்டுக் குழாயைக் கொண்டுபோனோம். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. நாளைக்கு ஏசியே வேண்டாம் என்றால் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம். பழைய வீட்டில் ஏசி போட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர் அது, டிரில் அதிர்வுக்கு விட்டுப்போனால் திரும்பப் பூச ஆள் தேட வேண்டும்.

அவுட்டோர் யூனிட் பின்கட்டுக்கு வெளியே, வடக்குப் பக்க நிழலுக்குப் போனது. அளவுக்கு மேல் இருந்த கேஸை எடுத்துவிட்டு, குழாய் நீளம் கூடியதால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கிற கணக்குப்படி கேஸ் கூட்டிப் போட்டது. உள் யூனிட்டை ஏழரை அடிக்கு இறக்கியது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தங்கும். பதினான்கு அடிக் கூரை வரைக்கும் யாருக்காகக் குளிர வைப்பது? கட்டில் இருக்கிற உயரத்துக்குக் குளிர்ந்தால் போதும். மேலே சூடு தங்கினால் தங்கட்டும். சீலிங் ஃபேனை மட்டும் வேகமாக வைக்கக் கூடாது, மேல் சூட்டைக் கீழே இழுத்துவிடும், ஒன்றிலோ இரண்டிலோ ஓடினால் போதும்.

முற்றத்து ஷீட்டை எடுக்கவில்லை. ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் இடைவெளி விட்டு, புறா நுழையாமல் கம்பி வலை அடித்தோம். சாரல் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. ஆனால் மத்தியானம் பத்தியில் 3 டிகிரி குறைந்தது, நானே அந்தச் சின்ன மீட்டரை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கோடையிலேயே மறுபடி பத்தியில் தலையணை போட ஆரம்பித்துவிட்டோம்.

இதற்கப்புறம் எனக்கு இந்த மெஷின் மேல் ஒரு பற்று வந்துவிட்டது. தம்பி வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பேன், கேட்பேன். தெரிந்துகொண்டவற்றில் வீட்டுப் பெண்கள் தாங்களே செய்யக்கூடியதும் உண்டு, தொடவே கூடாததும் உண்டு.

முதலில் ஃபில்டர். எங்கள் பக்கம் செம்மண். காற்று அடித்தால் சன்னல் கட்டையில் விரல் வைத்துக் கோலம் போடலாம். அந்தத் தூசி எல்லாம் ஃபில்டரில்தான் உட்காரும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழற்றி, குழாய்த் தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலசி, நிழலில் காயவைத்து மாட்டுகிறேன். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பத்து நிமிட வேலை. ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது, காயில் மேல் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. ஐஸ் கட்டினால் நன்றாகக் குளிர்கிறது என்று பொருள் இல்லை. ஃபில்டர் அடைத்துக் காற்று போகாததால் காயில் அளவுக்கு மேல் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் உறைகிறது. கேஸ் கம்மியானாலும் ஐஸ் கட்டும். அதனால் முதலில் ஃபில்டர், அப்புறம்தான் மெக்கானிக். ஐஸைக் கத்தியால் சுரண்டக் கூடாது, காயில் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் இரண்டு மணி நேரம் விட்டால் தானே உருகும்.

அடுத்தது தண்ணீர். ஒரு நாள் விடியற்காலை அயித்தை குரல்: "ஆத்தா, இங்க வந்து பாரு, செவுத்துல தண்ணி வடியுது." உள் யூனிட்டின் அடியிலிருந்து ஒழுகிக் கட்டில் கால்வரை வந்திருந்தது. காயிலில் படிகிற ஈரம் ஒரு தட்டில் சேர்ந்து டிரெயின் பைப் வழியாக வெளியே போக வேண்டும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. பைப்பின் வாயில் குளவி மண் பூசிக் கூடு கட்டியிருந்தது. குச்சியால் குத்தி எடுத்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொட்டியது. அதிலிருந்து பைப் வாயில் பழைய கொசுவலைத் துணியை ஒற்றையாகக் கட்டி வைத்திருக்கிறேன். குளவி இல்லாமலும் அடைக்கும், தூசியும் ஈரமும் சேர்ந்து உள்ளே கொழகொழவென்று பாசி பிடிக்கும். பைப் எந்த இடத்திலும் மேலே ஏறி இறங்காமல் சரிவாகவே போக வேண்டும். அந்தத் தண்ணீரை நாங்கள் வீணாக்குவதில்லை. கோடையில் ஒரு நாளைக்கு ஒரு வாளி வரும், பின்கட்டில் இருக்கிற செம்பருத்திக்கு ஊற்றுகிறேன். மழைத் தண்ணீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த வீடு, வேறென்ன செய்வோம்.

இப்போது கேஸ். இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன். அடுப்புக்கு எரிக்கிறதையும் கேஸ் என்கிறோம், ஏசியில் இருப்பதையும் கேஸ் என்கிறோம். அதனால் அதுவும் எரிந்து தீரும், வருடா வருடம் நிரப்ப வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஏசி கேஸ் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

மூன்றாவது கோடையில் எங்களுக்கே அப்படி ஆனது. குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்தது. நன்றாக இருக்கிற ஏசியில் உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே வீசுகிற காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். எங்களுடையதில் ஐந்துதான் இருந்தது. தம்பி அவுட்டோரில் குழாய் சேருகிற ஃபிளேர் நட்டைக் காட்டியது. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய செம்மண்ணும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றும், கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெய் தடம் விட்டுப் போகும். சோப்பு நுரை தடவினால் குமிழ் குமிழாக வந்தது. இருந்த கேஸை எடுத்துவிட்டு, குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டி, நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்த்தது. (ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து யாராவது பிரஷர் பார்க்க வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.) பிறகு வேக்வம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தது. ஈரம் தங்கினால் உள்ளே அமிலமாகிக் கம்ப்ரசரைத் தின்னும். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் நேம் பிளேட்டில் இருக்கிற எடையோடு நீளக் குழாய்க்கான கிராமையும் கூட்டி, அந்த எடைக்குப் போட்டது. அரை நாள் வேலை. அதிலிருந்து இன்றுவரை கேஸ் பற்றிய பேச்சு இல்லை.

அதனால் யாராவது "கேஸ் போடணும்" என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: போன கேஸ் எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தராசு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது வருகிற பல ஏசிகளில் ஆர்-32 கேஸ், அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் நெருப்பு வைத்து வெல்டிங் செய்ய விடக் கூடாது.

மின்சாரத்துக்கு வருகிறேன். பழைய வீடுகளில் மரக்கட்டைக்குள் ஒயர் ஓடும் பழைய வயரிங் இன்னும் இருக்கிறது. அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்டது. அதில் ஏசியை மாட்டினால் பிளக் உருகும், கட்டைக்குள் சூடு ஏறும். மேலே உத்தரம் எல்லாம் பர்மாத் தேக்கு, நூறு வருடம் காய்ந்தது. நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஏசிக்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி (பாரம் மீறினால் தானே விழுகிற சுவிட்ச்), நல்ல எர்த். இதில் சிக்கனம் வேண்டாம். பிளக்கை வாரம் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கோடை ராத்திரிகளில் ஊரே ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 185 பார்த்திருக்கிறேன். அதற்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் உடனே ஏசியைப் போடக் கூடாது, உள்ளே ஏறிய பிரஷர் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். இல்லாவிட்டால் பாரத்தோடு கம்ப்ரசர் எழுந்திருக்கப் பார்த்துத் தவிக்கும். அப்படித் தவிப்பதன் சத்தத்தை நான் ஒரு ராத்திரி கேட்டேன். உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் இரண்டு மூன்று நொடி முனகிவிட்டு டக்கென்று அடங்குகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகல். உடனே அணைத்துவிட்டேன். விட்டிருந்தால் கம்ப்ரசரே எரிந்திருக்கும். மறுநாள் தம்பி வந்து பார்த்தபோது கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் மேல்பக்கம் உப்பியிருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்தது. எங்களுடையது கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வர்ட்டர் இல்லாத சாதா மாடல், அதனால் இந்தக் கோளாறு இப்படித் தெரிந்தது. இன்வர்ட்டர் ஏசியில் வேலையெல்லாம் எலக்ட்ரானிக் போர்டில், அங்கே கோளாறு என்றால் டிஸ்பிளேயில் நம்பர் வரும். எங்கள் சின்ன மாமனார் வீட்டில் போர்டுக்குள் பல்லி புகுந்து செத்து, போர்டே போய்விட்டது. ஒயர் நுழைகிற ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

கெப்பாசிட்டரை நீங்கள் தொடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும். சத்தத்தைக் கேட்டு அணைப்பது நம் வேலை, மாற்றுவது அவர்கள் வேலை. சீலிங் ஃபேன் திடீரென்று ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றினால், அங்கேயும் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். ஃபேனையே மாற்றிவிடுகிறார்கள் பாவம்.

கீசரைப் பற்றியும் கொஞ்சம். முன்பெல்லாம் பின்கட்டில் செம்புத் தவலையில் விறகு எரித்துத்தான் வெந்நீர். இப்போது அயித்தைக்கு மார்கழி, தை மாதங்களில் கீசர் இல்லாமல் முடியாது. அதன் டேங்குக்குள் மெக்னீசியத்தில் ஒரு ராடு இருக்கும். அது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. இரும்பை விட மெக்னீசியம் சீக்கிரம் அரிக்கும். டேங்கை அரிக்க வேண்டியதை அது தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். அது முழுக்கக் கரைந்த பிறகு டேங்க் அரிக்க ஆரம்பிக்கும், ஒரு நாள் ஒழுகும். உப்புத் தண்ணீர் என்றால் சீக்கிரமே கரையும். வருடம் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், கூடவே காயிலில் படிந்த உப்பையும் சுரண்டச் சொல்லுங்கள். உலோகம் அரிக்காமல் காப்பதை ஆராய்கிற நாட்டின் பெரிய நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி. அந்த வாசலைத் தாண்டித்தான் நாம் போய் வருகிறோம். அதன் பாடத்தில் ஒரு துண்டு நம் பாத்ரூமில் தொங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது அயித்தை அறை இப்படி ஓடுகிறது. காலையில் ஏசி கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன்பே வெயில் படுகிற பக்கத்துச் சன்னல்களை அடைத்துவிடுவோம், ராத்திரி தங்கிய குளிர்ச்சி பதினொன்று, பன்னிரண்டு மணிவரை தாங்கும். அதற்குமேல் ஏசி, 26-ல். 2020-லிருந்து வருகிற ஸ்டார் ஏசிகள் போட்டவுடன் 24-ல்தான் வர வேண்டும் என்று அரசு வைத்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-ம் மெதுவான ஃபேனும் அயித்தைக்குப் போதுமானதாக இருக்கிறது, கால் சில்லிடுவதில்லை. ஐந்து மணிக்கு நிழல் இறங்கியதும் தானே சொல்லிவிடுவார்: "அத நிறுத்து ஆத்தா, என்னையப் பத்திக்குக் கொண்டு போ." சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனால், கல்தூண் பக்கத்தில் உட்கார்ந்து ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவே தெரிகிற வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி முற்றத்துக் கதவு, பின்கதவுக்கு உள்ளே இருக்கிற கம்பிக் கதவு எல்லாம் காற்றுக்குத் திறந்தே இருக்கும்.

போன வாரம் ஃபில்டர் கழுவிவிட்டுப் பின்பக்கம் போனேன். கொசுவலைத் துணி வெயிலில் மக்கிக் கிழிந்திருந்தது. பைப் வாயைச் சுற்றி ஒரு குளவி பறந்துகொண்டிருந்தது. புதுத் துணி வெட்டி இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்தேன். விழுந்தது. வாளியை அடியில் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.